எங்கள் பார் பக்கம் ஆய்வுக் கப்பல்: ஐ.நா. சட்டம் துணைக்கு வருமா?

ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர் பெயரும் தன் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தரும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 58 வயது. அவுட்போர்டு இன்ஜின் வைத்த பைபர் படகு. கரையிலிருந்து 8 கடல் மைலில் இருக்கும் ஒரு பாரில்தான் (கடலடிப் பாறைத் திட்டு) அவருக்குப் பெரும்பாலும் பாடு, அதாவது மீன்பிடிப்பு. போன மாதம் 20 மைலுக்கு வெளியே ஓர் ஆய்வுக் கப்பல் நின்றதை ஊர்க்காரர்கள் பார்த்து, ஜிபிஎஸ்ஸில் இடத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் விரித்திருந்த இரண்டு பேருடைய வலை அறுந்துபோயிற்று. "எண்ணெய் தேடுதாவளாம்" என்கிறார் ஒருவர், "மண்ணு அள்ளப் போறாவ" என்கிறார் இன்னொருவர். பத்து நாள் கழித்து ஒரு நிறுவனத்தின் ஆட்கள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு நோட்டில் 43 பேரிடம் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் அப்பாவின் கையெழுத்தும் உண்டு. "எதுக்குப்பா போட்டிய?" என்று கேட்டதற்கு "எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லையாம். இதற்கு நடுவில், அந்தப் பார் இருக்கும் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்போகிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு. ஊர் கமிட்டியில் பெரியவர்கள் இரண்டையுமே எதிர்க்க வேண்டும் என்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை. கடல் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று ஐ.நா. சட்டமே சொல்லும்போது அரசாங்கம் எப்படி அதை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியும்? நாங்கள் இந்தக் கடலின் பூர்வகுடிகள், எங்கள் சம்மதம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று ஐ.நா. பிரகடனம் இருக்கிறதே? ஜெர்மனியில் இருக்கும் கடல் நீதிமன்றத்துக்கு ஊர் சார்பில் போக முடியுமா? இரண்டு வருடம் முன்னால் அப்பாவின் படகில் வந்து கடற்பஞ்சு எடுத்துக்கொண்டு, பார்களின் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு போன ஆராய்ச்சிக்காரர்களைப் புதிய ஆழ்கடல் ஒப்பந்தத்தின்படி கேள்வி கேட்க முடியுமா? அப்பா போட்ட கையெழுத்து எங்களைக் கட்டுமா?

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரியாவது உங்கள் அப்பா தூங்கட்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த நோட்டில் போட்ட கையெழுத்து வருகைப்பதிவுதான். வந்தோம் என்பதற்கு அது சாட்சியாகலாம், சரி என்று சொன்னோம் என்பதற்கு ஆகாது. ஆனால் யாரும் மறுத்து எழுதாவிட்டால், நாளைக்கு ஏதோ ஓர் அறிக்கையில் "மீனவ மக்களுடன் கலந்தாலோசனை நடத்தப்பட்டது, 43 பேர் பங்கேற்றனர்" என்று ஒரு வரி வரும், அந்த வரியைப் படிக்கிற அதிகாரிக்கு டீயும் தெரியாது, பிஸ்கட்டும் தெரியாது. அதனால் மறுத்து எழுத வேண்டும், அதுவும் சீக்கிரமே. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

கடல் யாருடையது

நீங்கள் படித்த "பொது மரபுரிமை" என்ற சொல் உண்மையானதுதான். 1982-ல் ஜமைக்காவின் மான்டேகோ பேயில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 136-வது பிரிவு அது. ஆனால் அது பேசுவது எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடல் தரையைப் பற்றி மட்டும். உங்கள் ஊர்க் கடலைப் பற்றி அதே உடன்படிக்கை வேறு மாதிரி பேசுகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை இந்தியாவின் ஆட்சிக்கடல். 200 மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம், அங்கே மீன், எண்ணெய், மண், காற்று எல்லாவற்றின் மீதும் இந்தியாவுக்கு இறையுரிமை. இந்தியா 1995-ல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. அதற்கு முன்பே 1976-ல் இதே அளவுகளோடு நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுவிட்டது. அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவும் கடலுக்கு அடியில் இருக்கும் கனிமங்கள் ஒன்றிய அரசுக்கு உரியவை என்று நேரடியாகச் சொல்கிறது.

ஆக "ஐ.நா. சட்டப்படி அரசாங்கத்துக்கு உரிமையே இல்லை" என்று மனு எழுதினால் முதல் பத்தியிலேயே அது விழுந்துவிடும். நம் ஆட்கள் இப்படி எழுதி வந்த மனுக்களை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே நல்ல விஷயம் இருந்தும் முதல் பத்தியால் கெட்டுப்போயின.

உங்களுக்கு இந்த மைல் கணக்கு வேறு ஒரு வகையில் உதவும். அப்பாவின் பார் 8 மைலில் இருக்கிறது, கப்பல் நின்றது 20 மைலுக்கு வெளியே. இந்த இரண்டுக்கும் நடுவே அந்த 12 மைல் கோடு ஓடுகிறது. 12 மைலுக்குள் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநிலம், 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே செல்லும், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் அதுவரை எட்டும். 12-ஐத் தாண்டினால் மீன்பிடிப்பும் ஒன்றிய அரசின் கையில். அடித்தரையில் இருக்கும் கனிமமும் எண்ணெயும் எந்த மைலில் இருந்தாலும் ஒன்றிய அரசுக்குத்தான். எனவே ஊரார் குறித்து வைத்த அந்த ஜிபிஎஸ் எண்கள் பொன்னான விஷயம். ஒரு தாளில் எழுதி, தேதி நேரத்தோடு பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

எண்ணெயா மண்ணா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வழி மாறுகிறது. கடலோரத்துக்கு அப்பால் மணலும் கனிமமும் எடுப்பதற்கு 2002-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, 2023-ல் அதைத் திருத்தி ஏல முறை கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் முதல் ஏல அறிவிப்பு வந்தபோது அதில் கொல்லம் கடலின் மணல் பகுதிகளும் இருந்தன, கேரள மீனவர்கள் கடலோர ஹர்த்தால் வரைக்கும் போனார்கள். எண்ணெய், எரிவாயு என்றால் சட்டமும் அமைச்சகமும் வேறு. இங்கே நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் செய்த திருத்தத்தின்படி, எண்ணெய் எரிவாயு *தேடும்* கட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. எடுக்கும் கட்டத்துக்கு வந்தால்தான் முழுச் சுற்றுச்சூழல் மதிப்பீடும் கூட்டமும். "மக்களைக் கேட்காமல் எப்படி வந்தார்கள்" என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தேடும் கட்டத்தில் கேட்காமல் வருவதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கோபப்பட வேண்டும். ஒருவேளை நாளைக்கு அங்கே மேடை போட்டுக் கிணறு தோண்டினால், மேடையைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடலாம் என்று கடல் சட்ட உடன்படிக்கையே அனுமதிக்கிறது. அந்த வளையத்துக்குள் யாருடைய வலை விழும் இடம் இருக்கிறது என்பது உங்கள் ஊர் கமிட்டி கேட்க வேண்டிய கேள்வி.

பூர்வகுடி என்ற சொல்

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிகுந்த உணர்ச்சியோடு எழுதியிருக்கும் பகுதி இது. முத்துக் குளித்த, சங்கு எடுத்த, சங்க காலப் பாட்டிலேயே இடம்பெற்ற நெய்தல் நில மக்கள் நாங்கள், எங்களைவிடப் பூர்வகுடி யார் என்று கேட்கிறீர்கள். வரலாறாக அதில் எனக்கு மறுப்பு இல்லை. சட்டமாக அது எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐ.நா. பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம் 2007-ல் வந்தது. 25-வது பிரிவில் கடலோரக் கடல்களையும் சேர்த்தே பேசுகிறது, முன்கூட்டிய சம்மதத்தையும் பேசுகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்திய மக்கள் எல்லாருமே பூர்வகுடிகள்தான் என்பது நம் அரசின் நிலைப்பாடு, அதாவது தனியாக எந்தச் சமூகத்துக்கும் அந்தப் பிரகடனத்தின்படி உரிமை என்று அரசு ஒத்துக்கொள்வதில்லை. மேலும் அது பிரகடனம், ஒப்பந்தம் அல்ல. கட்டுப்படுத்தக்கூடிய ஒப்பந்தமான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-வது உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. உள்நாட்டில் பட்டியல் பழங்குடி என்ற வகைதான் செல்லும், மீனவர்களை அதில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை பழைய கோரிக்கை, இன்னும் நிறைவேறவில்லை.

நியாம்கிரியைக் காட்டி, கிராம சபை ஒரு தீர்மானம் போட்டால் போதுமே என்று எழுதியிருக்கிறீர்கள். ஒடிசாவில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு 2006-ன் வன உரிமைச் சட்டத்தின் மேல் நின்றது. காட்டுக்கு இருக்கும் அந்தச் சட்டம் போலக் கடலுக்கு ஒன்று நம்மிடம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வழக்குப் போடக்கூடாது.

இனி உங்களுக்கு உதவுகிற விஷயத்துக்கு வருகிறேன். 1992-ன் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கையை இந்தியா 1994-ல் ஏற்றது. இது பிரகடனம் அல்ல, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இதன் 8(ஜே) பிரிவு "பூர்வகுடி *மற்றும் உள்ளூர்ச்* சமூகங்களின்" அறிவையும் பழக்கவழக்கங்களையும் மதித்துக் காக்கச் சொல்கிறது. அந்த "உள்ளூர்ச் சமூகம்" என்ற சொல்லில் உங்கள் ஊர் எந்த வாதமும் இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். பட்டியல் பழங்குடியா இல்லையா என்று யாரும் சான்றிதழ் கேட்க முடியாது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் ஒப்புக்கொண்ட உலக இலக்குகளிலும் இதே சமூகங்களின் பங்கேற்பு 22-வது இலக்காக இருக்கிறது. இதோடு 2014-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு ஏற்ற சிறுதொழில் மீன்பிடி வழிகாட்டு நெறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய திட்டம் எதுவும் வரும் முன் சிறுமீனவச் சமூகங்களோடு பொருளுள்ள கலந்தாலோசனை நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த நெறிகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சந்திரிகா சர்மா, சென்னையிலிருந்து இயங்கும் மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பின் செயலாளர். 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார், அந்த நெறிகளை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். உங்கள் கமிட்டிப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ரோமில் எவனோ எழுதின காகிதம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஜெர்மனி வரைக்கும் போகலாமா

போக முடியாது. ஹாம்பர்க்கில் இருக்கும் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் கதவு நாடுகளுக்குத் திறக்கும், ஆழ்கடல் தரைச் சுரங்க வழக்குகளில் மட்டும் வேறு சிலருக்கும். ஒரு ஊரோ சங்கமோ தன் சொந்த அரசாங்கத்தின் மேல் அங்கே வழக்குப் போட வழியில்லை. பாரம்பரிய மீனவர்களுக்குச் சாதகமாகச் சர்வதேசத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன, 1999-ல் எரித்ரியா–ஏமன் வழக்கில் செங்கடலின் சிறுமீனவர்கள் இரு பக்கமும் போய் மீன்பிடிக்கும் பழைய வழக்கம் தொடரும் என்றார்கள், 2016-ல் தென்சீனக் கடல் வழக்கில் ஸ்கார்பரோ திட்டில் மீன்பிடிக்கும் பாரம்பரிய உரிமையை ஏற்றார்கள். ஆனால் எல்லாமே ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் போட்ட வழக்கு. ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் 2022-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவில் தங்கள் அரசுக்கு எதிராகவே வென்றார்கள், அது எப்படி என்று கேட்பீர்கள். தனிமனிதர் புகாரை ஏற்கும் விருப்ப நெறிமுறையில் ஆஸ்திரேலியா சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதிகளுக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம், அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்கலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கான கதவு மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறது. மதுரைக் கிளையில் ரிட் போடலாம், சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். நான் மேலே சொன்ன உடன்படிக்கைகளுக்கு அங்கேதான் வேலை. உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், அதோடு மோதாத வரைக்கும், இந்தியா ஏற்ற சர்வதேச உடன்படிக்கையை அடிப்படை உரிமையோடு சேர்த்துப் படிக்கலாம் என்று 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தின ஆண்டு, 1996, நமக்கு முக்கியமான ஆண்டு. வேலூர்த் தோல் ஆலை வழக்கு, இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கு, கடற்கரையும் நீரும் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்று சொன்ன கமல்நாத் வழக்கு, மூன்றும் அந்த ஆண்டுதான். நீங்கள் "பொதுச்சொத்து" என்று எழுத நினைத்த இடத்தில் ஐ.நா.வின் 136-வது பிரிவை எடுத்துவிட்டு இந்தக் கமல்நாத் தீர்ப்பை வையுங்கள், மனு நிமிர்ந்து நிற்கும்.

இதிலும் அளவாகத்தான் நம்ப வேண்டும். இறால் பண்ணைத் தீர்ப்பை 2005-ல் வந்த ஒரு சட்டம் பெரும்பாலும் செயலற்றதாக்கிவிட்டது. கூடங்குளம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இடிந்தகரைப் பந்தலில் உங்கள் அம்மாவும் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 15 உத்தரவுகள் போட்டது, மக்கள் மேல் இருந்த குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் சொன்னது, ஆனால் உலையை நிறுத்தவில்லை. கட்டி முடித்த பிறகு வருகிற வழக்கில் நீதிமன்றம் நிபந்தனை போடும், இடிக்கச் சொல்வது அபூர்வம். இப்போது உங்கள் விஷயம் தேடும் கட்டத்தில்தான் இருக்கிறது. இந்தக் காலத்தை வீணாக்காதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பாதுகாப்புப் பகுதி என்றாலே பகையா

பெரியவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. 2001-ல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது, அதற்கு முந்தின நாள் வரை தொழிலாக இருந்தது மறுநாள் ஜாமீன் கிடைக்காத குற்றமாயிற்று, யாரையும் கேட்கவில்லை. உலக அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2010-ல் பிரிட்டன் சாகோஸ் தீவுக் கடலை ஒரே அறிவிப்பில் பாதுகாப்புப் பகுதியாக்கியது. அங்கிருந்து முன்பே வெளியேற்றப்பட்ட தீவு மக்கள் திரும்பிப் போகும் வழியையே அது அடைத்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2015-ல் நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது, அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரிவந்த மொரீஷியஸ் நாட்டோடு சரியாகக் கலந்து பேசவில்லை என்பது அதற்கு முக்கியமான காரணம். பாதுகாப்பு நல்ல நோக்கம் என்பதால் மட்டும் கேட்காமல் செய்யலாம் என்று ஆகாது, நாடுகளுக்கிடையே இது இப்போது சட்டம்.

ஆனால் முதலில் எதை அறிவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்பது ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர், 1989 முதல் இருக்கிறது. அதற்குள் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் 560 சதுர கிலோமீட்டர்தான் தேசியப் பூங்கா, கெடுபிடி எல்லாம் அங்கே. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருப்பதால் மட்டும் உங்கள் அப்பாவின் பாடு நிற்காது.

என் கருத்தைக் கேட்டால், ஆய்வுக் கப்பலையும் பாதுகாப்புப் பேச்சையும் ஒரே தீர்மானத்தில் எதிர்ப்பது தவறு. எண்ணெய்க் கிணற்றுக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் மிக வலுவான வாதமே அந்தப் பாரில் உயிர் இருக்கிறது, குஞ்சு பொரிக்கிறது, தலைமுறைகளாக ஊர் அதைக் கட்டுப்பாட்டோடு காத்துவருகிறது என்பதுதான். ஊருக்குள் இழுவைமடி (கடல் தரையை வாரி இழுக்கும் வலை) கூடாது, இன்ன வலை பாருக்கு மேல் போடக்கூடாது என்று கமிட்டி வைத்திருக்கும் கட்டுப்பாடுகளை நீங்களே பட்டியல் போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2030-க்குள் கடலில் 30 சதவீதம் காக்கும் உலக இலக்கில், அரசு பூங்கா அறிவிக்காமல் மக்களே நிர்வகித்துக் காக்கும் பகுதிகளையும் கணக்கில் எடுக்க இடம் உண்டு. வேதாளை, பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதம் 12 நாள்தான் எடுப்பது, கையால்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, வனத்துறை தடுத்தபோது அதையே தங்கள் வாதமாக வைத்தார்கள். காக்கிறவர்கள் நாங்கள், ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கு நாற்காலி வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் உங்கள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து கோடு போடுவார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் விஷயம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-ல் உருவான ஆழ்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரி 17-லிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 13-வது பிரிவு, பூர்வகுடி மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை அவர்கள் முன்சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது, கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. எப்படியிருந்தாலும் அது எந்த நாட்டுக்கும் உரியதல்லாத கடலில் கிடைக்கும் உயிரினங்களைப் பற்றியது, 8 மைலில் எடுத்த கடற்பஞ்சுக்கு வராது. தூத்தூர்க்காரர்கள் போல ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் அறிவுக்கு வேண்டுமானால் நாளைக்குப் பயன்படலாம்.

உங்களுக்குச் செல்வது நம் 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். வந்தவர்கள் வெளிநாட்டவரா, வெளிநாட்டு நிறுவனத்துக்காக வந்தவர்களா என்றால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி இருந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் படிப்புக்காக எடுத்தார்கள் என்றால் அது தானாகவே குற்றமாகாது, அவர்களைத் திருடர்கள் என்று எழுத வேண்டாம். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு ஒரு நல்ல கடிதம் எழுதுங்கள். அவர்கள் குறித்துக்கொண்டு போனது நாளைக்கு உங்களுக்கே சாட்சியாக வரலாம்.

இந்த மாதத்துக்குள்

முதலில் மறுப்புக் கடிதம். ஊர் கமிட்டி பெயரில், கையெழுத்துப் போட்ட 43 பேரில் எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரும் சேர்ந்து, இன்ன தேதியில் மண்டபத்தில் போட்ட கையெழுத்து வருகைக்கு மட்டுமே, எந்தத் திட்டத்துக்கும் சம்மதமாகாது, திட்ட விவரம் தமிழில் தரப்படவில்லை என்று நாலு வரி. மாவட்ட ஆட்சியருக்கும், மீன்வளத் துறைக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், அந்த நிறுவனத்துக்கும் பதிவு வசதி சேர்த்த ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அந்தக் கூட்டம் சட்டப்படியான கருத்துக் கேட்பு அல்ல என்பதையும் ஒரு வரி சேருங்கள். சட்டப்படி நடப்பதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு பத்திரிகையில் வர வேண்டும், ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும், எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. எந்தக் கப்பல், என்ன ஆய்வு, யார் அனுமதி, அனுமதியின் தேதி, நிபந்தனைகள் என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. இழப்பீடு கேட்காத மற்ற வழக்குகளுக்கு ஆறு மாதம். நல்ல வழக்குகள் நாள் தாண்டிச் செத்துப்போவதை இந்த வேலையில் அடிக்கடி பார்க்கிறேன், உங்களுடையது அப்படிப் போகக்கூடாது.

வலை அறுந்த இரண்டு பேரும் கடலோரப் பாதுகாப்புக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கட்டும், அறுந்த வலையைத் தூக்கிப் போட்டுவிடாமல் போட்டோ எடுத்து வைக்கட்டும், வலை வாங்கின பில் இருந்தால் அதுவும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் ஆசையான வேலை, நீங்களே செய்யக்கூடியது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் குழு காகிதத்தில்தான் இருக்கும், பதிவேட்டில் வயலும் தோப்பும் இருக்கும், கடல் இருக்காது. அடுத்த கிராம சபையில் உங்கள் கடலையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். இந்தத் தீர்மானம் எண்ணெய்க் கப்பலை நிறுத்தாது, முன்பே சொன்னேன். ஆனால் உயிர்வளத்தையும் அதைப் பற்றிய அறிவையும் பயன்படுத்துவது குறித்து தேசிய ஆணையமோ மாநிலப் பல்லுயிர் வாரியமோ முடிவெடுக்கும்போது அந்தக் குழுவைக் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது, நீதிமன்றத்துக்குப் போனால் அரசு முத்திரை உள்ள ஆவணமாக அது உங்கள் கையில் இருக்கும். பாருக்குப் பாரு பெயர், எந்தக் கோயில் கோபுரத்தையும் எந்த மலை முனையையும் நேர் பிடித்தால் அந்தப் பார் வரும், கச்சான் காற்று அடிக்கும்போது என்ன மீன், வாடைக் காற்றில் என்ன மீன், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மாதம் எந்த வலை கூடாது. இதெல்லாம் உங்கள் அப்பா வயதுக்காரர்களின் தலையில் மட்டும் இருக்கிறது, ஜிபிஎஸ் வந்த பிறகு இளையவர்கள் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், கமிட்டிப் பெரியவர்கள் இன்னும் நாலு பேரையும் உட்கார வைத்துச் சரிபாருங்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஊர்க்காரர்களும் கரையில் இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தயாராகும் கடற்கரை மண்டல வரைபடத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து, உங்கள் பாடு பார்க்கும் இடங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் ஒரு ஆட்சேபணை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சொன்னவரின் கையெழுத்து வாங்குங்கள். முதல் கையெழுத்து உங்கள் அப்பாவுடையதாக இருக்கட்டும், இந்தத் தடவை எதற்குப் போடுகிறோம் என்பதைப் படித்துக் காட்டிவிட்டு. ஆர்டிஐ பதில் வந்த அன்றே எனக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், தேதியை எண்ணத் தொடங்க வேண்டும்.